அப்பாவின் 2013 கணினி: எதை மாற்றலாம், எதை விடலாம்?

மரமேசை

வணக்கம். ஒரு ஆலோசனை வேண்டும், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பாவின் கணினி 2013இல் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ5-4570, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒரே குச்சி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கியபோது விண்டோஸ் 7. 2016 தொடக்கத்தில் இலவசமாகக் கிடைத்த விண்டோஸ் 10ஐ ஏற்றினோம். இப்போது பட்டனை அழுத்தினால் திரை வந்து சேர ஏழெட்டு நிமிடம் ஆகிறது. வந்த பிறகும் ஒரு கோப்பைத் திறக்க இரண்டு நிமிடம். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று அடிக்கடி ஒரு அறிவிப்பு வருகிறது. அதைப் பார்த்தாலே அப்பா பதறிப்போகிறார்.

பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதுல எதையும் ஏத்த முடியாது, முழுசா மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு மனமில்லை. பதினைந்து வருடமாக அவர் தட்டச்சு செய்த கட்டுரைகள், கடிதங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழையதையே சரி செய்யலாமா, இல்லை புதிதுதானா?

திருப்புளி

மாத்துறதை அப்புறம் பேசலாம். அப்பாவோட கோப்புகளுக்கு வேற எங்கேயாவது ஒரு நகல் இருக்கா? இல்லேன்னா இன்னைக்கே எடுங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. கணினி ஆன் ஆகி அஞ்சு நிமிஷம் கழிச்சு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும். அதுல சிபியு, மெமரி, டிஸ்க் ஒவ்வொண்ணும் எத்தனை சதவீதம் காட்டுது? அடுத்தது, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதைத் திறந்தா டிஸ்கோட உடம்பு நிலை தெரியும். மேலே நீலமா மஞ்சளான்னு பாருங்க. 05, சி5னு ரெண்டு வரிசை இருக்கும், அதோட கடைசி எண் என்னன்னு எழுதுங்க. அந்த எண் வழக்கமா ஹெக்ஸ்ல இருக்கும், 10னு போட்டிருந்தா அது பதினாறு.

பெட்டியைத் திறக்காம, டிஸ்கைப் பார்க்காம முழுசா மாத்தணும்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். மெதுவா ஓடுறதுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பாகம்தான் காரணமா இருக்கும். அது எதுன்னு தெரியாம காசு செலவழிக்கிறது வீண்.

நீலத்திரை

நான் பழுது பார்ப்பவர் பக்கம். ஐ5-4570 நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை முதல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. இந்தப் பெட்டியில் இரண்டும் கிடையாது. டிடிஆர்3 ராமும் அந்தத் தலைமுறையோடு போன சரக்கு, இன்று வாங்கும் குச்சியை நாளை புதிய மதர்போர்டில் செருக முடியாது. இதில் போடும் பணம் இதோடு போய்விடும். அந்தப் பணத்தைப் புதியதற்குச் சேர்த்துவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

மரமேசை

பார்த்துவிட்டேன். சிபியு 9 சதவீதம், மெமரி 87, டிஸ்க் 100. பத்து நிமிடம் காத்திருந்தும் டிஸ்க் 100ஐ விட்டு இறங்கவே இல்லை.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது. 05இல் பூஜ்யம். சி5இல் கடைசியில் 18 என்று இருக்கிறது, நீங்கள் சொன்ன கணக்குப்படி 24. காதை வைத்துக் கேட்டால் நடுநடுவே டக், டக் என்று மெல்லிய சத்தமும் வருகிறது.

திருப்புளி

சரி, இப்போ கவனமா கேளுங்க. டீஃப்ராக் ஓட்டாதீங்க. செக்டிஸ்க் ஓட்டாதீங்க. வைரஸ் ஸ்கேனும் வேண்டாம். அந்த டிஸ்குக்குப் புதுசா எந்த வேலையும் கொடுக்காதீங்க.

சி5ங்கறது, டிஸ்க் படிக்க முயற்சி பண்ணி முடியாம, "இது போச்சா இருக்கான்னு அப்புறம் பார்ப்போம்"னு ஒதுக்கி வச்சிருக்கிற இடங்களோட எண்ணிக்கை. 24 சின்ன எண்தான். ஆனா பூஜ்யத்தைத் தாண்டி, சத்தமும் சேர்ந்துடுச்சுன்னா அந்த டிஸ்கை நான் நம்ப மாட்டேன். ஒரு வருஷம் ஓடலாம், நாளைக்கே நிக்கலாம்.

வெளி டிஸ்க் ஒண்ணை யுஎஸ்பியில செருகி, முதல்ல அப்பா எழுதினதை நகலெடுங்க. அடுத்து படங்கள். திரும்ப டவுன்லோட் பண்ணிக்கக் கூடியது எதுவும் வேண்டாம். மொத்தமா இழுத்துப் போடாம ஃபோல்டர் ஃபோல்டரா எடுங்க. எங்கேயாவது சிக்கி நின்னா அந்த ஃபோல்டரை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க, சிக்கினதைக் கடைசியில பார்த்துக்கலாம்.

ஏன் ஏழெட்டு நிமிஷம் ஆகுதுன்னும் சொல்லிடறேன். இந்த மாதிரி ஹார்ட் டிஸ்க் பொதுவா நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்தும், ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும். அதுக்கு முன்னாடி தலை அந்தத் தடத்துக்கு நகரணும். ஆக ஒவ்வொரு சின்ன கோப்புக்கும் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட் போயிடும். விண்டோஸ் எழும்பும்போது அப்படி ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைப் படிக்குது. எஸ்எஸ்டின்னு சிப் வகை டிஸ்க் ஒண்ணு இருக்கு, அதுல சுத்துறதும் இல்ல, நகர்றதும் இல்ல. அதே வேலை 0.1 மில்லிசெகண்ட் கணக்குல முடியும்.

உங்க பெட்டியில இன்னொரு சிக்கலும் இருக்கு. 4 ஜிபி ராம் பத்தலை. பத்தாததை விண்டோஸ் டிஸ்க்ல எழுதி வச்சு, வேணும்போது திரும்பப் படிக்கும். ராமோட சுமையும் அந்த நோஞ்சான் டிஸ்க் தலையிலதான் விழுது. சிபியு 9 சதவீதம்னு சொன்னீங்களே, பாவம், அது சும்மா உட்கார்ந்திருக்கு. நாலு கோர் உள்ள நல்ல சிபியு அது. எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் தாராளமா போதும்.

நீலத்திரை

டிஸ்க் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை நான் பார்க்காமல் பேசிவிட்டேன். எஸ்எஸ்டி வாங்கினால் அது வீணாகாது, பின்னாளில் வேறு கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓஎஸ், அதாவது இயங்குதளம், பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறதே? விண்டோஸ் 10க்கு 14 அக்டோபர் 2025ஓடு ஆதரவு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் வயதானவர் ஒருவரை வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்புளி

எனக்கும் வரலை. அதுக்கு மூணு வழி இருக்கு.

விண்டோஸ் 10லயே இருந்து, மைக்ரோசாஃப்ட் கொடுக்கிற நீட்டிப்புல சேர்றது ஒண்ணு. 22எச்2 பதிப்பா இருக்கணும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேணும், செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேரச் சொல்லி வரும். 13 அக்டோபர் 2026 வரைக்கும் பாதுகாப்புத் திருத்தம் வரும். இது மூச்சு விட்டுக்க ஒரு அவகாசம், அவ்வளவுதான்.

இன்னொரு வழி, தகுதி இல்லாத பெட்டியில விண்டோஸ் 11ஐச் சுத்து வழியில ஏத்துறது. முடியும். 24எச்2 பதிப்புல இருந்து எஸ்எஸ்இ 4.2ங்கற கட்டளைத் தொகுதி இல்லாத ரொம்பப் பழைய சிபியுல அது எழும்பவே எழும்பாது. 4570ல அது இருக்கு, அதனால எழும்பும். ஆனா இப்படி ஏத்தின கணினிக்குத் திருத்தம் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. வருஷாவருஷம் வர்ற பெரிய பதிப்பையும் நாமளேதான் கையால ஏத்தணும். எனக்காக நான் செய்வேன். தனியா உட்கார்ந்து வேலை பார்க்கிற அப்பாவுக்குச் செஞ்சு கொடுக்க மாட்டேன்.

மூணாவது, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்கற இலவச இயங்குதளம். அதைப் பனிப்பறவை சொல்லட்டும், அவர் கை அதுல தேர்ந்தது.

அரைப்புள்ளி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 2019இல் வாங்கிய ரைசன் 5 3600. அதற்கும் விண்டோஸ் 11 ஓடாது என்று காட்டுகிறது. இதையும் தூக்கிப் போட வேண்டியதுதானா?

நீலத்திரை

வேண்டவே வேண்டாம். ரைசன் 3600 தகுதிப் பட்டியலில் இருக்கிறது. டிபிஎம் உங்கள் சிபியுவுக்குள்ளேயே உண்டு, பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு அமைப்புத் திரை) அணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். எஃப்டிபிஎம் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை எனேபிள் செய்யுங்கள். இன்டெல் போர்டு என்றால் அதே இடத்தில் பிடிடி என்று இருக்கும்.

பயாஸைத் தொடும் முன் ஒன்று பாருங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் முதலில் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். டிபிஎம்மை மாற்றியதும் அந்தச் சாவியைக் கேட்கலாம். இல்லையென்றால் உங்கள் டிஸ்க் உங்களுக்கே திறக்காது.

டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், விண்டோஸ் 11 கேட்கும் யுஇஎஃப்ஐ என்ற புதிய வகை பயாஸ் முறைக்கு மாற, அதை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 10இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, கோப்புகளை அழிக்காமல் மாற்றிவிடும். பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

பனிப்பறவை

மரமேசை, அப்பா கணினியில் என்னவெல்லாம் செய்வார் என்று முதலில் சொல்லுங்கள். ஓஎஸ் எது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உலாவி, மின்னஞ்சல், எழுத்து, படம் பார்ப்பது மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் 22 இந்தப் பெட்டியில் சுகமாக ஓடும், 2029 வரை ஆதரவும் உண்டு. ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர், ஸ்கேனர், ஒலி, வைஃபை நான்கும் வேலை செய்கிறதா என்று அங்கேயே சோதித்துவிடுங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் நஷ்டமில்லை, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழைய நிலைதான்.

மரமேசை

எழுதியது, படங்கள் எல்லாம் நகலெடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு ஃபோல்டரில் மூன்று படம் மட்டும் வரவில்லை, மறுநாள் முயன்றபோது அவையும் வந்தன. அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டர் பெயரையும் படித்துக்கொண்டிருந்தார்.

பனிப்பறவை கேட்டதற்குப் பதில்: உலாவி, மின்னஞ்சல், வேர்டு, பிரிண்டர். அதில்தான் சிக்கல். அவர் எழுதியது எல்லாம் பாமினி எழுத்துருவில். நகலெடுத்த கோப்பை என் மடிக்கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பையாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று எனக்கு உதறல் எடுத்துவிட்டது.

எழுத்தாணி

கெடவில்லை, தைரியமாக இருங்கள். பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. அப்பா "அம்மா" என்று தட்டியபோது கோப்பில் பதிவானது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். பாமினி இருக்கும் கணினி அவற்றை அம்மா என்று வரைந்து காட்டும். உங்கள் மடிக்கணினியில் பாமினி இல்லை, அதனால் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது.

ஆகவே பழைய டிஸ்கைக் கழற்றும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். அங்கிருந்து பாமினியையும் அப்பா பயன்படுத்தும் மற்ற பழைய எழுத்துருக்களையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை மட்டும் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டுப் பிறகு தேடித் தவித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லதா எழுத்துருவில் எழுதியவை இருந்தால் அவை யூனிகோடுதான், பயமில்லை. விண்டோஸ் 10ஐப் புதிதாகப் போட்டால் லதா உடன் வராது, நிர்மலா யுஐ மட்டும்தான் இருக்கும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும்.

நாளடைவில் பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம்தான். கௌரவம் என்பது கெளரவம் என்று ளகரத்தோடு வந்து நிற்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

அப்பாவின் விரல் பாமினி விசைப்பலகைக்குப் பழகியிருக்கும், அதை மாற்றச் சொல்லாதீர்கள். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் போட்டால் அதே பாமினி விசை அமைப்பில் யூனிகோடில் எழுதலாம்.

பனிப்பறவை

எழுத்தாணி சொன்னதைப் படித்த பிறகு என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன். லினக்ஸில் தமிழ்99, தட்டச்சு முறை இரண்டும் சுலபம். ஆனால் பதினைந்து வருடப் பழக்கமும், வேர்டில் பக்க அமைப்போடு உள்ள நூற்றுக்கணக்கான பாமினிக் கோப்புகளும் இருக்கும் ஒருவரை ஒரே நாளில் இடம் மாற்றக் கூடாது. இப்போதைக்கு எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10, நீட்டிப்போடு. இந்த அவகாசத்தில் கோப்புகளை யூனிகோடு ஆக்கிவிடுங்கள். பக்கத்திலேயே 60 ஜிபி ஒதுக்கி மின்ட்டையும் போட்டு வைத்தால், வங்கி வேலையை அதில் செய்து அப்பாவுக்கு மெல்லப் பழகும்.

திருப்புளி

எனக்கும் அதுதான் சரின்னு படுது. வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிடறேன்.

எஸ்எஸ்டி 2.5 இன்ச் சாட்டாவா (கேபிள்ல மாட்டுற வகை) வாங்குங்க. போர்டுலயே நேரா செருகுற எம்.2 வடிவத்துல என்விஎம்இ வாங்கிடாதீங்க, உங்க போர்டுல அதுக்கு இடமே இருக்காது. எச்81ல பொதுவா நாலு சாட்டா போர்ட், அதுல ரெண்டுதான் 6 ஜிகாபிட். பக்கத்துல சாட்டா6ஜின்னு பொடி எழுத்துல இருக்கும், நிறமும் வேறயா இருக்கும். அதுல செருகுங்க. சாட்டா கேபிள் எஸ்எஸ்டியோட வராது, தனியா ஒண்ணு வாங்கிக்கங்க.

ராம் டிடிஆர்3 1600, 4 ஜிபி குச்சி ரெண்டு, இல்ல 8 ஜிபி குச்சி ரெண்டு. உங்க போர்டுக்கு மொத்தம் 16 ஜிபிதான் எல்லை. ஒரே பெரிய குச்சியை விட ஒரே மாதிரி ரெண்டு போட்டா ரெண்டு வழியிலயும் தரவு போகும். டிடிஆர்4 தப்பித் தவறிக்கூட வாங்காதீங்க, காடி வேற இடத்துல இருக்கும், செருகவே முடியாது.

பழைய டிஸ்கை குளோன் பண்ணாதீங்க, அதாவது அச்சு அசலா முழுசா நகலெடுக்காதீங்க. படிக்க முடியாத இடம் இருக்கிற டிஸ்க்ல குளோன் பாதியில நிக்கும், இல்லேன்னா கோளாறையும் சேர்த்துக் கொண்டு வரும். மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து மீடியா கிரியேஷன் டூலை எடுத்து பென்டிரைவ்ல ஏத்தி, புதுசா இன்ஸ்டால் பண்ணுங்க. கீ கேட்டா என்கிட்ட இல்லைன்னு கொடுத்துட்டு மேலே போங்க. உங்க உரிமம் மதர்போர்டோட சேர்ந்தது, டிஸ்க் மாத்தினாலும் இணையம் கிடைச்சதும் தானா ஆக்டிவேட் ஆகும்.

முக்கியமா, இன்ஸ்டால் பண்ணும்போது பழைய டிஸ்கோட கேபிளைக் கழட்டி வச்சிடுங்க. ரெண்டும் மாட்டியிருந்தா தப்பான டிஸ்கை அழிச்சிடுவீங்க. நானே ஒரு தடவை அவசரத்துல அதைச் செஞ்சிருக்கேன். அதுல போனது என்னோட கோப்புகள் இல்ல. இன்னைக்கும் அது மனசுல உறுத்தும்.

மரமேசை

உடனே உதவி தேவை. ராம் 4+4 மாற்றினேன். பட்டனை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. ஒரு எழுத்துகூட வரவில்லை. அப்பா எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

திருப்புளி

பயப்படாதீங்க, போர்டு போயிருக்காது. மெயின் ஸ்விட்சை அணைச்சு வயரைப் பிடுங்குங்க. பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிச்சு மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்க. ரெண்டு குச்சியையும் எடுத்து, தங்க நிறப் பல்லை வெள்ளை அழிப்பான் வச்சு லேசா தேய்ங்க, தூளை ஊதிடுங்க. ஸ்லாட்ல தூசி இருந்தா பிரஷ்ல தட்டுங்க. இப்போ ஒரே ஒரு குச்சியைப் போடுங்க. ரெண்டு முனையையும் கட்டை விரலால சமமா அழுத்துங்க. பக்கத்துக் கொக்கி தானா மூடி டக்னு சத்தம் வரணும். பாதி பேர் அந்த டக் வர்றதுக்கு முன்னாடியே விட்டுடுவாங்க, உள்ளே உடைஞ்சிடுமோன்னு பயம்.

மரமேசை

வந்துவிட்டது! ஒரு முனையில் கொக்கி மூடவே இல்லை. அழுத்தியதும் டக் என்றது. இரண்டாவதும் சரியாக உட்கார்ந்தது, பயாஸில் 8192 காட்டுகிறது.

ஆனால் இப்போது இன்னொன்று. பழைய டிஸ்கில் கடைசியாக ஒருமுறை போய் எழுத்துருக்களை எடுக்கலாம் என்று பார்த்தால் நீலத் திரை வந்து, இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ் என்கிறது. பயாஸில் தேதி 2013 ஜனவரி என்று இருக்கிறது.

திருப்புளி

அந்தத் தேதிதான் விடை. போர்டுல இருக்கிற காசு வடிவ பேட்டரி செத்துப்போச்சு. வயரைப் பிடுங்கினதும் பயாஸ் தன்னோட பழைய அமைப்பை மறந்துடுச்சு. உங்க விண்டோஸை அன்னைக்கு டிஸ்கோட பேசுற பழைய ஐடிஇ முறையில போட்டிருப்பாங்க, இப்போ பயாஸ் ஏஎச்சிஐங்கற புது முறைக்கு மாறியிருக்கும். சாட்டா மோடைத் தற்காலிகமா ஐடிஇ ஆக்கி எழுத்துருவை எடுத்துக்கங்க. எடுத்ததும் ஏஎச்சிஐக்குத் திரும்பிடுங்க, எஸ்எஸ்டிக்கு அதுதான் சரி.

பேட்டரி சிஆர்2032, 3 வோல்ட். உடனே மாத்துங்க. தேதி தப்பா இருந்தா உலாவி எந்தத் தளத்தையும் நம்பாது, எல்லாத்துக்கும் இணைப்பு பாதுகாப்பில்லைன்னு சொல்லும்.

பெட்டி திறந்தே இருக்கும்போது சிபியு மின்விசிறித் தூசியையும் தட்டிடுங்க. ஊதும்போது மின்விசிறியைச் சுத்த விடாம விரலால பிடிச்சுக்கங்க.

மரமேசை

எல்லாம் முடிந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும், அப்பா கணினியை என்னிடம் தரவே இல்லை.

ஐடிஇக்கு மாற்றியதும் பழைய விண்டோஸ் எழுந்தது. பாமினியும், அப்பாவே மறந்துபோன வேறு ஆறு எழுத்துருக்களும் கிடைத்தன. எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 போட்டு, நீட்டிப்பிலும் சேர்த்துவிட்டேன், ஆக்டிவேட் தானாகவே ஆனது. பட்டனை அழுத்தியதிலிருந்து திரை வரை கைபேசியில் நேரம் பார்த்தேன், 19 விநாடி. மின்ட்டையும் பக்கத்தில் போட்டாகிவிட்டது. பிரிண்டர் அதில் கேட்காமலே வேலை செய்தது, ஸ்கேனர் மட்டும் இன்னும் இல்லை.

அப்பா முதலில் திறந்தது 2009இல் எழுதிய ஒரு கடிதம். முழுதும் படித்து, ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்திச் சேமித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். இப்போது தினமும் காலையில் பத்துக் கோப்பு யூனிகோடுக்கு மாற்றுகிறார். எழுத்தாணி சொன்ன ஔகாரத்தை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துகிறார், இதுவரை 140 கோப்பு ஆகிவிட்டது.

பழைய டிஸ்கை என்ன செய்வது?

திருப்புளி

இப்போதைக்கு எதுவும் செய்யாதீங்க. அழிக்கவும் வேண்டாம், வேற வேலைக்கு மாட்டவும் வேண்டாம். கழட்டின தேதியையும் "பழைய சி டிரைவ், சி5: 24"னும் ஒரு தாள்ல எழுதி மேலே ஒட்டி, ஈரம் படாத இடத்துல வையுங்க. அப்பா கடைசிக் கோப்பையும் மாத்தி முடிச்சதும் வந்து சொல்லுங்க, அப்போ பார்ப்போம். அதுவரைக்கும் வெளி டிஸ்க்ல இருக்கிற நகலை வாரம் ஒரு தடவை புதுப்பிச்சுக்கிட்டே இருங்க, எஸ்எஸ்டி நின்னா சொல்லாமலே நிக்கலாம்.